தங்கத் தராசில் பாஸ்தா

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் 'புஷ்பம் நகை மாளிகை' இருக்கிறது. மாளிகை என்றதும் கண்ணாடிப் படிக்கட்டு, வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். சேர்ந்தாற்போல் நாலு பேர் உள்ளே போனால் ஐந்தாவது ஆள் செருப்புகளுக்குக் காவலாக வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தக் கடை இத்தனை வருஷம் தாக்குப்பிடித்து நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் முதலாளி மாணிக்கவாசகத்தின் தராசு. அவர் நிறுத்தால் நிறுத்ததுதான். வேறு கடையில் வாங்கிய சங்கிலியைக்கூட இவரிடம் கொண்டுவந்து, "எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து இளவயதில் சென்னைக்கு வந்து, மாமனார் கொடுத்த மூலதனத்தில் கடை போட்டவர். மனைவி தங்கபுஷ்பத்தின் பெயரில் பாதியைக் கடைக்கு வைத்தது மாமனாருக்குக் காட்டிய மரியாதை. மனைவிக்குக் காட்ட வேண்டிய மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார் போலிருக்கிறது.

ஊரார் நகையையெல்லாம் பிசகாமல் நிறுத்த மனிதர், தன்னை மட்டும் நிறுத்துப் பார்க்காமலே அறுபதை நெருங்கிவிட்டார். அந்தக் குட்டு மகள் பூஜாவின் நிச்சயதார்த்தத்தில் உடைந்தது. தட்டு மாற்றிக்கொள்ள ஜமக்காளத்தில் உட்காரச் சொன்னார்கள். முட்டி அரைமனதாக ஒப்புக்கொண்டது, தொந்தி ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் அவரை இறக்கினார்கள். பாதி வழியில் நிலைமையைப் புரிந்துகொண்டு நாலு பேர் தூக்கினார்கள். கடைசியில் நாற்காலி வந்தது.

மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த வாத்தியார் நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"நிச்சயதார்த்தம்ங்கறதால இன்னிக்கு நாற்காலி போட்டுண்டாச்சு, பரவாயில்லை. கல்யாணத்தன்னிக்குத் தாரை வார்க்கறச்சே பொண்ணைப் பெத்தவா ரெண்டு பேரும் மணையில, தரையோடதான் உக்காரணும். முடியலேன்னா விசாரப்படாதீங்கோ. சித்தப்பா சித்தி உக்காரலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு."

சாஸ்திரத்தில் இடமிருக்கிறது என்று காதில் விழுந்ததும், அதுவரை சுவரில் சாய்ந்திருந்த தம்பி ஆனந்தகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அசோக் நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருக்கு இரண்டும் பையன்கள், தாரை வார்க்கும் பாக்கியம் இந்தப் பிறவியில் கிடையாது.

"அண்ணே, நீங்க மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்க. நானும் இவளும் இருக்கோம்லா" என்றார்.

அவர் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், "அக்கா, தாரை வாக்கையில அரக்கு கலர் சேல எடுப்பா இருக்கும்லா?" என்று தங்கபுஷ்பத்திடமே கேட்டுவிட்டார். தங்கபுஷ்பம் காலியான பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாணிக்கவாசகத்துக்கு அன்று பலகாரம் இறங்கவில்லை. ஒரே பெண். அவள் கையைப் பிடித்துக் கொடுக்கிற இடத்தில் தம்பி உட்கார்ந்திருக்க, தான் முதல் வரிசை நாற்காலியில் வந்தவர்களோடு வந்தவராக உட்கார்ந்து பூப்போடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கல்யாணம் தை மாசம். அதற்குள் தொந்தியைக் கரைத்து அந்த மணையில் உட்கார்ந்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பூஜா அப்பாவின் போனில் கலோரி கணக்குப் போடும் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். என்ன சாப்பிட்டோம், எத்தனை கிராம் சாப்பிட்டோம் என்று தட்டினால் இத்தனை கலோரி என்று அது சொல்லும். ஒரு நாளைக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது. மாணிக்கவாசகத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கிராமில் பேசுகிற எதையும் அவர் நம்பிவிடுவார்.

சிக்கல் வீட்டுச் சமையலில் வந்தது.

"இந்தப் புளிக்குழம்புல எண்ண எவ்வளவு ஊத்துன?"

"வேணுங்கிற அளவு" என்றார் தங்கபுஷ்பம்.

"அது எத்தன கிராம்?"

"குழம்புகிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

ஆப்பிலும் புளிக்குழம்பு பத்துப் பதினைந்து விதமாக இருந்தது. ஒன்று சொன்ன கணக்கை இன்னொன்று சொல்லவில்லை. பூஜாதான் வழி கண்டுபிடித்தாள். "பேசாம பாஸ்தா சாப்பிடுங்கப்பா. அது உலகம் பூரா ஒண்ணுதான். எடை போட்டோமா, என்ட்ரி போட்டோமான்னு போயிட்டே இருக்கலாம்" என்றாள். உடம்புக்கு எது நல்லது என்பது போய், எதற்குக் கணக்கு சுலபமோ அது சாப்பாடு என்றாயிற்று. பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சாய்ஸில் விடுவது என்பார்கள்.

அடையாறில் ஒரு பெரிய கடையிலிருந்து பாஸ்தா வந்தது. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து காயவைத்தது போல் குழாய் குழாயாக இருந்தது. கவரின் முதுகில் எறும்பு எழுத்தில் என்னவோ அச்சிட்டிருந்தார்கள். வந்த சாமானை டப்பாவில் கொட்டிக் கவரைக் குப்பையில் போடுவது தங்கபுஷ்பத்தின் வழக்கம், அப்படியே செய்தார். பூஜா சமையல் தராசு ஒன்றும் வாங்கி வந்தாள். ஒரு கிராம் வரைக்கும் துல்லியமாகக் காட்டும் என்றாள்.

"ஒரு கிராமா?" மாணிக்கவாசகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கிராம் இன்னைக்கு என்ன வெல விக்குன்னு இத செஞ்சவனுக்குத் தெரியுமா?"

மறுநாள் கடையில் உபரியாக வைத்திருந்த நகைத் தராசைக் கண்ணாடிக் கூண்டோடு பையில் வைத்துக் கட்டினார். ராயப்பேட்டையிலிருந்து வந்துபோகும் விற்பனையாள் ஷஃபியுல்லா பார்த்துவிட்டார்.

"இன்னா மொதலாளி, தராச எங்க எடுத்துக்கினு போறீங்கோ?"

"வீட்டுக்கு. பாஸ்தா நிறுக்கணும்."

"அப்டின்னா?"

"இத்தாலிக்காரன் சேமியா."

ஷஃபியுல்லா, "சேதாரம் எவ்ளோ போடுவீங்கோ?" என்று கேட்டார். கேலியா, நிஜமான சந்தேகமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மாணிக்கவாசகத்தின் வீட்டில் காலையும் மாலையும் ஒரு பூஜை நடந்தது. காற்றில் எடை ஆடும் என்பதால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். குழாய் பாஸ்தாவை ஒவ்வொன்றாகத் தட்டில் போடுவார். இருநூறு கிராம் நெருங்கியதும் கை நிதானப்படும். ஒரு குழாய் கூடினால் இடுக்கியால் எடுப்பார்; எடுத்தால் குறையும்; அதை ஒடித்துப் பாதியை வைப்பார். வீடே வியர்த்து வழிய, புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் நின்ற பிறகுதான் மின்விசிறி சுற்றும். ஒடிந்த துண்டுகளைத் தங்கபுஷ்பம் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்தார். என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

இருநூறு என்ற கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆப்பில் பாஸ்தா என்று தட்டினால் இரண்டு வரும்: வெந்தது ஒன்று, வேகாதது ஒன்று. வேகாததற்குக் கலோரி இரண்டு பங்குக்கு மேல் போட்டிருந்தது. மாணிக்கவாசகம் யோசித்தார். நான் என்ன மாடா, வேகாததைத் தின்ன? வெந்ததைத்தானே சாப்பிடுகிறேன்? ஆகவே வெந்ததைத் தொட்டார். இருநூறு கிராமுக்கு முந்நூற்றுச் சொச்சம் கலோரி, ஒரு வேளைக்குச் சரியாக இருந்தது. எடை போட்டதோ அடுப்பில் ஏறுவதற்கு முன்னால். அவர் தொழிலில் அப்படித்தான். தங்கத்தைப் பட்டறைக்குக் கொடுக்கும்போதே நிறுத்துவிட வேண்டும். உருக்கினாலும் தட்டினாலும் போனதுதான் திரும்பி வரும். நெருப்பில் போன பொருள் கூடி வந்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

தங்கபுஷ்பம் அதைக் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து உப்புமா மாதிரி கிண்டிக் கொடுத்தார். தட்டு நிறைய வந்தது. மதியத்துக்குக் கடைக்குக் கொண்டுபோன டிபன் கேரியரில் மூன்றாவது அடுக்கு தேவைப்பட்டது. டயட் என்றால் பட்டினி என்று பயமுறுத்திய பயல்களை நினைத்து மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டார். முறையாக எடைபோட்டுச் சாப்பிட்டால் வயிறும் நிறையும், உடம்பும் இளைக்கும் என்று நகை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். இரண்டு பேர் தராசு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

இளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹாலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து பார்ப்பார். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். முதல் வாரம் தரைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. தீபாவளி கழிந்தபோது ஒரு முழம் ஆயிற்று. வேட்டியில் முடிச்சுப் போட முனை போதவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கணக்கில் எங்கோ தப்பு என்று நினைத்திருப்பார்கள். மாணிக்கவாசகத்தின் எடையில் தப்பு வருமா? கொடுத்தது சரி. அப்படியானால் பட்டறையில்தான் ஏதோ நடக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் மனிதர் தூக்கம் கெட்டார். காலையில் கடைக்குப் போகும்போது எண்ணெய் ஜாடியை நிறுத்துவிட்டுப் போவார், வந்ததும் நிறுப்பார். நெய் பாட்டிலில் நெய் இருந்த மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டார். தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒருநாள் மட்டும், "ஜாடிய நிறுக்கது சரி. மூடியோட நிறுக்கீங்களா, மூடி இல்லாமயா?" என்று கேட்டார். மாணிக்கவாசகம் அதையும் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கொடுக்கும் வேலையாகத் தம்பியும் தம்பி மனைவியும் வந்திருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருக்கும்போதே விஷயத்தை முடித்துவிடுவது என்று மாணிக்கவாசகம் தீர்மானித்தார். மின்விசிறி நின்றது. எல்லோர் கண் முன்னாலும் இருநூறு கிராம் நிறுத்து மனைவி கையில் கொடுத்தார். "எண்ண, தாளிப்பு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணியில வேகவச்சு, வடிச்சு, அப்படியே எங்கிட்ட கொண்டா" என்றார். கொடுத்ததோடு விடாமல் அடுப்படி வாசலில் போய் நின்றார். புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சிய அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தது அதுதான்.

வடித்த பாஸ்தா ஆவியோடு தராசில் ஏறியது. பாத்திரத்தின் எடையைக் கழித்தார். நானூற்று அறுபத்து மூன்று.

மாணிக்கவாசகம் நிமிர்ந்து நின்றார். "தம்பி, பட்டறைக்கு இருநூறு கிராம் குடுத்து, நானூத்தி அறுபத்தி மூணு திரும்பி வந்தா என்ன அர்த்தம்?"

சின்ன வயசில் அண்ணன் கடையில் வேலை பார்த்தவர் ஆனந்தகுமார். பழக்கத்தில் வாய் தானாகப் பதில் சொன்னது. "செம்பு சேந்திருக்குன்னு அர்த்தம்ணே."

"அந்த வேலதான் இந்த வீட்டு அடுப்புலயும் நடந்திருக்கு. கலப்படம்! இவ என்னத்தச் சேக்கான்னுதான் தெரியல. இவ்வளவு நாளும் நான் பட்ட பாடெல்லாம் இதுலதான் போச்சு."

தங்கபுஷ்பம் கையில் வடிதட்டோடு நின்றுகொண்டிருந்தார். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த பூஜா தராசைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அது தண்ணிப்பா."

"என்ன தண்ணி?"

"வேகும்போது தண்ணிய இழுத்துக்கும். எடை கூடத்தான் செய்யும். எல்லாமே அப்படித்தான்."

"எல்லாமும்னா? அப்ப அரிசி?"

"அரிசியும்தான். ஒரு டம்ளர் போட்டா மூணு டம்ளர் சோறு வரும்."

மாணிக்கவாசகம் தம்பியைப் பார்த்தார். பாத்திரக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். எந்தக் குக்கரில் எத்தனை பேருக்குச் சோறு ஆகும் என்று நாள்முழுக்க விற்கிறவருக்கும் இது புதுச் செய்தி என்று முகமே சொன்னது. அப்படியானால் சோறு மூட்டையிலிருந்து அப்படியே வருவதாகவா இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள் என்று கேட்கக் கூடாது. அவர்கள் எதுவும் நினைக்கவே இல்லை. சோறு தட்டில் இருக்கும், சாப்பிடுவார்கள். அது எப்படி அங்கே வந்தது என்பது அவர்கள் இலாகா அல்ல.

பூஜா அப்பாவின் போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள். தலையில் கைவைத்துக்கொண்டாள். "வேகாதத எடை போட்டுட்டு, வெந்ததுன்னு என்ட்ரி போட்டிருக்கீங்கப்பா. தினமும் ரெண்டு பங்குக்கு மேல சாப்பிட்டிருக்கீங்க. அம்மா மேல எதுக்குக் கத்துறீங்க?"

தங்கபுஷ்பம் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எப்படிச் சமாதானம் செய்வதென்று மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. வடிதட்டை மேடையில் வைத்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார்.

"ஆனந்து தம்பி, அரக்குச் சேலைய எடுத்து வைக்கச் சொல்லுங்க. கலப்படம் பண்ணுதவ பக்கத்துல மணையில உக்காருங்கன்னு அவர எந்த மொகத்தோட கூப்பிடுவேன்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி மனைவியின் முகம் மலர்ந்ததை மாணிக்கவாசகம் பார்த்தார்.

அதன் பிறகு மனிதருக்கு ஒன்று சரியாயிற்று, ஒன்று கெட்டது. வேகாத கணக்கில் எண்பது கிராம் நிறுத்து, பசியில் காது அடைக்க அடைக்கச் சாப்பிட்டார். காலையும் மாலையும் நடந்தார். தொந்தி உண்மையாகவே வற்றத் தொடங்கியது. வேட்டி முனை மறுபடி முடிச்சுக்கு வந்தது. ஆனால் தங்கபுஷ்பம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வரும், சட்டை இஸ்திரி போட்டு வரும், பேச்சு மட்டும் வராது. தாரை வார்க்கத் தகப்பன் மட்டும் தனியாக உட்கார முடியாதே. உடம்பு இளைத்து மணைக்குத் தயாராக ஆக, பக்கத்து மணை காலியாகிக்கொண்டு வந்தது. தராசுகளோடு காலம் தள்ளிய மனிதருக்கு இதை எதில் வைத்துச் சரிசெய்வதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாம்பூலப் பைகளைத் தங்கபுஷ்பம் ஹாலில் தரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் தேங்காய், மஞ்சள் குங்குமப் பொட்டலங்கள். மாணிக்கவாசகம் அருகில் வந்து நின்றார்.

"தையக்காரன் ரவிக்க குடுத்துட்டானா?"

தங்கபுஷ்பம் ஒரு மஞ்சள் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"மண்டபத்துக்காரன் போன் பண்ணானா?"

ஒரு பைக்குள் தேங்காய் விழுந்தது. நின்றுகொண்டு பேசினால் அவர் உச்சந்தலைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. மாணிக்கவாசகம் குனிந்து பார்த்தார், போதவில்லை. சோபாவைப் பிடித்தார், ஒரு முட்டியை ஊன்றினார், மறு முட்டியை மடக்கினார். இறங்கிக்கொண்டே பேசினார்.

"எம்மேலதான் தப்பு. எனக்குச் சோறு ஆக்கத் தெரியாது. தெரியாதுங்கிறதும் தெரியாது. கடைக்கு வார ஒருத்தரையும் நான் சந்தேகப்பட்டதில்ல. உன்னப் போய்ச் சொல்லிட்டேன்."

தங்கபுஷ்பம் நிமிர்ந்தார். "இத எங்கிட்ட மட்டும் சொன்னா? அன்னைக்குச் சபையில வச்சுல்லா சொன்னீங்க."

மாணிக்கவாசகம் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அன்னைக்கு உன் மதினியச் சொன்னது அம்புட்டும் பொய். எடையில தப்பு எம்பேர்ல. அவ மேல ஒரு குந்துமணி குத்தமும் கெடையாது. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிரு."

"அது வந்துண்ணே... சொல்லுதேன்" என்றார் ஆனந்தகுமார். பின்னாலிருந்து, "அப்ப அந்தச் சேலைய என்ன செய்ய?" என்று ஒரு குரல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அப்போதுதான் மாணிக்கவாசகத்துக்கு உறைத்தது. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் இறக்கவில்லை. குழந்தை மாதிரி சந்தோஷம் பொங்கியது. எழுந்து இன்னொரு முறை உட்கார்ந்து காட்டலாம் என்று கையை ஊன்றினார். எழ முடியவில்லை. சோபா எட்டவில்லை.

அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. தங்கபுஷ்பம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து நடந்தார். மாணிக்கவாசகம் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"முகூர்த்தத்துல எம் பக்கத்துல உக்காருவல்லா?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எம் புள்ளைக்குத் தாரை வாக்க நான் உக்காராம வேற எவ உக்காருவா? எம் பக்கத்துல உக்கார நீங்க வாரீங்களான்னுதான் இத்தன நாளும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டுத் தங்கபுஷ்பம் வந்து கை கொடுக்கிறவரை, சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததால், மாணிக்கவாசகம் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்.